உள்ளே ஊற்றிய கடல்

என் வீட்டுக்காரர் வேதமாணிக்கம் முப்பத்திரண்டு வருஷம் மணலியில் டேங்கர் லாரிக்குத் தொட்டி செய்தவர். தகட்டை வளைத்து, பற்றவைத்து, ஒரு சொட்டு ஒழுகாமல் அனுப்புகிற வேலை. ரிடையர் ஆகி வீட்டில் உட்கார்ந்த முதல் மாதமே சமையலறைக் குழாயை மூன்று தடவை கழற்றி மாட்டினார். மூன்றாவது தடவைதான் அது ஒழுக ஆரம்பித்தது. இந்த மனுஷனால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பாய்மரப் படகு வாங்கிக்கொண்டு வந்து நிற்பார் என்று எந்தப் பெண்டாட்டி எதிர்பார்ப்பாள்?

படகு என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ‘யாட்’ என்பார். இருபத்தெட்டு அடி நீளம், ஃபைபர் உடம்பு, நடுவில் ஒரு அறை, முன்னால் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு சின்ன அறை. எந்த வெள்ளைக்காரனோ எப்போதோ விட்டுவிட்டுப் போனதாம். ஏலத்துக்கு வந்து, கை மாறி மாறி, கடைசியில் கல்மண்டபத்தில் பழைய கப்பல் சாமான் விற்கிற தவ்ஃபீக்கிடம் வந்து சேர்ந்தது. தவ்ஃபீக் இவருடைய இருபது வருஷத்து தோஸ்து. உடைத்த கப்பலின் திசைகாட்டி, கதவு, கழிப்பறைப் பீங்கான் எல்லாம் அவன் கடையில் கிடைக்கும். முழுக் கப்பல் வாங்கும் அளவுக்குப் புத்தி கெட்ட ஆளுக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தான் போலிருக்கிறது. அந்த ஆள் என் வீட்டிலேயே இருந்தார்.

திருவொற்றியூரில், எண்ணூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, லாரி பாடி கட்டுகிற பட்டறை ஒன்று மூடிக் கிடந்தது. இவருக்குத் தெரிந்தவருடைய இடம். அங்கே கொண்டுபோய், கீழே ரயில் கட்டைகளை அடுக்கி, பக்கத்துக்கு நாலு இரும்புப் பைப்பை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது எட்டு மாதப் பேஜார்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு வீடியோ. ஒரு வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் பழைய படகு ஒன்றைச் சுரண்டி, பூசி, பெயின்ட் அடித்து உலகம் சுற்றக் கிளம்புகிறார்கள். நூற்றுப் பத்துப் பாகம். தட்டில் சோறு ஆறிப்போவது தெரியாமல் அத்தனையும் பார்த்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் பார்த்தது பிசினை எப்படிக் கலப்பது என்று. நான் பார்த்தது அந்தப் பெண்டாட்டியை. எந்தப் பாகத்திலும் அவள் இல்லாமல் இல்லை. மூக்கிலெல்லாம் பெயின்டோடு அவன் தோளில் சாய்ந்து சிரிப்பாள்.

“இவளுக்கு வூட்ல வேலையே கெடையாதா?” என்று கேட்டேன்.

அவர் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

மாசியில் கிளம்ப வேண்டும். முதலில் போர்ட் பிளேர். அங்கே கொஞ்ச நாள் தங்கிவிட்டு, அதைத் தாண்டி லங்காவி என்கிற தீவு. சித்திரைக்குள் போய்ச் சேராவிட்டால் புயல் காலம் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் அவர் சொன்னது. “எத்தினி பேரு போறது?” என்று கேட்டேன். “ரெண்டு பேரு போதும்” என்றார். யார் அந்த இரண்டாவது ஆள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்பானேன்? காலையில் கண்ணைத் திறந்தால் தவ்ஃபீக், ராத்திரி படுக்கும்வரை போனில் தவ்ஃபீக். எனக்கென்ன கண் இல்லையா?

மனசில் இருந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தப் படகில் போக வேண்டும். ராயபுரத்தில் பிறந்து ராயபுரத்திலேயே வாக்கப்பட்டவள் நான். ஐம்பத்து மூன்று வயசாகிறது. கடல் காற்றில் துணி காயவைத்தே காலம் போயிற்றே தவிர, முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. மனுஷன் ஒரு தடவை ‘நீயும் வா, மலரு’ என்றால் போதும். உடனே தலையாட்டிவிட மாட்டேன். நாலு பேச்சுப் பேசிவிட்டுத்தான் வருவேன். ஆனால் அவர் கேட்க வேண்டும். நானாகப் போய் ஒட்டிக்கொள்வதற்கு நான் என்ன சுவர் போஸ்டரா?

கேட்கவில்லை. அந்த ஆத்திரத்தில் நான் பேசாத பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து பட்டறைக்குச் சாப்பாடு எடுத்துப் போவேன். ஒருநாள் இருவரும் படகு முழுக்க வெள்ளையாக எதையோ பூசித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா, பொணத்துக்குப் பவுடர் அட்ச்சி முட்சிட்டீங்களா? எப்ப எடுப்பு?” என்றேன்.

தவ்ஃபீக் விழுந்து விழுந்து சிரித்தான். “அக்கா வாய்க்கு ஈடே கெடையாது மாமு!” என்றான்.

இவர் சிரிக்கவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த ஞாயிறு வேறு ஒன்று சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறு இன்னொன்று. வாரா வாரம் பூசைக்குப் போகிற மாதிரி இதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது.

பாய் தைக்க வேண்டும் என்றபோதுதான் மனுஷனுக்கு என் நினைவு வந்தது. நான் தண்டையார்பேட்டையில் லாரி தார்ப்பாய் தைக்கிற கடையில் இருபத்தாறு வருஷமாக வேலை செய்கிறவள். எங்கள் கடையில் பெரிய மிஷின் உண்டு. முதலாளியிடம் கேட்டு, வேலை முடிந்த பிறகு, தவ்ஃபீக் எங்கிருந்தோ கொண்டுவந்த பாய்த்துணியை அங்கேயே தைத்தேன். மூன்று வரிசைத் தையல், மூலைக்கு நாலு மடிப்பு, பித்தளை வளையம். ஒவ்வொரு தையலுக்கும் இவரை ஒரு திட்டு. ஆனாலும் தையலில் குறை வைக்கவில்லை. திட்டு வேறு, தொழில் வேறு.

பிறகு படுக்கை மெத்தைக்கு உறை கேட்டார். ஒன்று ஆறடி, அவருக்கு. இன்னொன்று ஐந்தடி மூன்று அங்குலம். தவ்ஃபீக் குள்ளம். சரிதான், அவனுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் தைத்துக் கொடுத்தேன்.

பொங்கலுக்கு முன்னால் பரணைச் சுத்தம் செய்தபோது என் பழைய கை மிஷினைக் காணோம். கல்யாணமான புதிதில் இவர் வாங்கிக் கொடுத்தது. கையால் சுற்றித் தைக்கிறது. “காயலான் கடைல போட்டேன். துருப்புட்ச்சிப் போச்சி” என்றார். போட்டாராம்! மூன்று நாள் சமைத்து வைத்தேனே தவிரப் பேசவில்லை. அதே வாரம் படகின் முன் அறைக்கு ஒரு சின்னக் கதவு போட்டு, சுற்றிலும் ரப்பர் ஒட்டி, ஒரு பூட்டும் தொங்கவிட்டார். உள்ளே என்ன என்று கேட்டால், “தவ்ஃபீக்கு சாமான்” என்றார். என் சாமான் காயலான் கடைக்கு, தவ்ஃபீக் சாமானுக்கு ரப்பர் வைத்த கதவு. நல்லா இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாசி பிறந்தது. திங்கட்கிழமை கிரேன் வந்து படகைத் தூக்கி, டிரெய்லரில் ஏற்றி, மீன்பிடித் துறைமுகத்தில் இறக்குவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கல்யாண மாப்பிள்ளைக் களை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எல்லாம் சரி, ஓட்ட பாத்தீங்களா?” என்றேன்.

கையிலிருந்த சோறு கையிலேயே நின்றது.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் தைத்த தார்ப்பாயை அப்படியே கொடுத்துவிட மாட்டோம். நாலு மூலையையும் கயிற்றில் கட்டித் தொட்டில் மாதிரி தொங்கவிட்டு, பத்துக் குடம் தண்ணீர் ஊற்றி, கீழே படுத்துக்கொண்டு எங்கே சொட்டுகிறது என்று பார்ப்போம். இவர் தொழிலிலும் அதே கதைதான். தொட்டியை அடித்து முடித்தால் வெளியே பற்றவைத்த ஓரமெல்லாம் சுண்ணாம்பைப் பூசி, உள்ளே தண்ணீரை ரொப்பி, சுண்ணாம்பு எங்கே ஈரமாகிறது என்று பார்ப்பார்கள். ஆக, ஓட்டை பார்ப்பது என்றால் எங்கள் இருவருக்குமே ஒரே அர்த்தம்தான்.

“பாக்கல” என்றார். “எப்டி மறந்தேன்?”

நல்லெண்ணத்தில் ஒன்றும் நான் கேட்கவில்லை. கிளம்புவது ரெண்டு நாளாவது தள்ளிப்போகாதா என்ற கெட்ட புத்திதான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சோதனையில் தப்பு இருக்கும் என்று எனக்குத் துளிகூடத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. தவ்ஃபீக்குக்குப் போன் போட்டார். அவன், “கரீட்டு மாமு, ஒயுங்கா டெஸ்ட் பண்ணிட்லாம்” என்றான். அவன் கப்பலின் எல்லாப் பாகத்தையும் விற்றிருக்கிறான். மிதக்கிற கப்பலைப் பார்த்திருக்கிறானா என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து தண்ணீர் லாரி வந்து நின்றது. நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். இஞ்சினை இன்னும் மாட்டவில்லை, அதுவரை கர்த்தர் புண்ணியம். அடியில் இஞ்சினுக்கும் குழாய்க்கும் விட்டிருந்த துளைகளில் சாக்குச் சுற்றிய கட்டையை அடித்து அடைத்திருந்தார். மெத்தைகளை வெளியே எடுத்துப் போடச் சொன்னார். முன் அறையை மட்டும் திறக்கவில்லை.

“அதுக்குள்ள கீற சாமான எடுக்கலியா?” என்றேன்.

“அங்க தண்ணி போவாது. அந்தத் தடுப்பு நான் அட்ச்சது” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வெளியே படகின் உடம்பெல்லாம் சுண்ணாம்புக் கோடு இழுத்துவிட்டு, லாரிக்காரனிடம், “தொற” என்றார்.

நம் பக்கத்தில் தண்ணீர் லாரி நின்றால் அப்புறம் என்ன நடக்கும்? ஐந்தே நிமிஷத்தில் பட்டறை வாசலில் பச்சை, சிவப்பு, நீலம் என்று குடம் வரிசை கட்டிவிட்டது. வரிசைக்கு முன்னால் பூவம்மா. அந்தத் தெருவில் குழாய்ச் சண்டைக்குத் தலைமை தாங்குகிற பெண்.

“இன்னாக்கா, எங்குளுக்கு ஒரு கொடம் இல்ல, போட்டுக்கு ஒரு லாரியா?” என்றாள்.

“டெஸ்டு முடியட்டும்மா. எறக்கும்போது புட்சிக்குங்க. துணி தோய்க்க ஆவும்” என்றார் இவர். அவருக்கு அன்று தாராள மனசு.

முதல் லாரி காலியானது. படகைச் சுற்றி வந்து பார்த்தார். சுண்ணாம்பு காய்ந்தபடி இருந்தது. இரண்டாவது லாரி வந்தது. தண்ணீர் மேல் ஓரத்துக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. இவர் படகின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். ‘டொம்’ என்றது.

“ஒரு சொட்டு ஒயுவுதா பாரு!” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? என் புருஷன் செய்த வேலை. அதே சமயம் வயிறும் எரிந்தது. இவ்வளவு நல்ல படகில் ஏறிக்கொண்டு தவ்ஃபீக் போகப் போகிறான்.

அப்போதுதான் ஆண்ட்ரூ உள்ளே வந்தார். காசிமேட்டில் ஃபைபர் போட் வைத்து மீன் பிடிக்கிறவர். இவரைத் தன் போட்டில் நாலைந்து தடவை கடலுக்குக் கூட்டிப்போனவர். திங்கட்கிழமை படகை இறக்கும்போது கூட இருக்க வேண்டும் என்று இவர் சொல்லிவைத்திருந்தார். ஆண்ட்ரூ ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். இறங்கினார். மறுபடியும் ஏறிப் பார்த்தார்.

“இன்னா வேதம், போட்டுக்குள்ள தண்ணி கீது?”

“டெஸ்டு! ரெண்டு லாரி ஊத்திகீறோம். ஒரு சொட்டு வெளிய வர்ல!”

“யோவ்,” என்றார் ஆண்ட்ரூ, “கடலு வெளியதான்யா கீது?”

லாரிக்காரன்கூட பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டான். தவ்ஃபீக் மட்டும் விடவில்லை.

“ஓட்டன்னா ரெண்டு பக்கமும் ஓட்டதான அண்ணாத்த? உள்ளேந்து போவலன்னா வெளியேந்தும் வராதுல்ல?”

“ஓட்டய வுடுயா. கனம்? கடல்ல சுத்தி தண்ணி கீது, அது போட்ட எல்லாப் பக்கமும் தாங்கிக்கும். இங்க இன்னா தாங்கிகினு கீது? எட்டு பைப்பு! மொதல்ல தொளைல அட்ச்ச கட்டையப் புடுங்குங்கய்யா, தண்ணி…”

அவர் முடிக்கவில்லை. இடது பக்கத்து இரண்டாவது பைப்புக்கு மேலே ஒரு சத்தம் கேட்டது. புது வேட்டியை முரட்டுத்தனமாகக் கிழித்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். பைப்பு படகுக்குள்ளே போய்விட்டது. அந்த வழியாகத் தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீறிட்டது. படகு மெதுவாகச் சாய்ந்து பட்டறைச் சுவரில் தோளை வைத்துக்கொண்டு நின்றது. உள்ளே பலகைகள் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம் கேட்டது. யாருக்கும் அடிபடவில்லை. முழங்கால் தண்ணீர் வாசலை நோக்கி ஓடியது. “புடிங்கடி!” என்று பூவம்மா கத்தினாள். அத்தனை குடமும் ஒரே நேரத்தில் குனிந்தன.

இவர் அசையாமல் நின்றார். முழுக்கைச் சட்டையெல்லாம் நனைந்து, கையில் சுண்ணாம்பு டப்பாவோடு. எட்டு மாதம் தேய்த்த படகில் இப்போது ஒரு கன்றுக்குட்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. கேட்டது நான்தானே? ‘ஓட்ட பாத்தீங்களா’ என்று கேட்டது இந்த வாய்தானே?

பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். நல்ல பெண்டாட்டி அதைத்தான் செய்திருப்பாள். நான் ஓட்டைப் பக்கம் போனேன். அவர் அடித்த தடுப்பும் பிளந்துவிட்டிருந்தது. பூட்டு மட்டும் பத்திரமாகத் தொங்கியது. இத்தனை பந்தோபஸ்தாக தவ்ஃபீக் அப்படி என்னதான் வைத்திருக்கிறான் என்று பார்த்துவிடலாம் என்று தலையை உள்ளே விட்டேன்.

என் கை மிஷின் இருந்தது.

துருவெல்லாம் தேய்த்து, கறுப்பு பெயின்ட் அடித்து, ஒரு பலகையில் நாலு போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு குட்டை ஸ்டூல், அதுவும் தரையோடு இறுக்கியது. பக்கத்தில் மூடி போட்ட நூல் டப்பா, எண்ணெய் டப்பா. மிஷினுக்கு மேலே ஒரு சின்னக் கொக்கி. அது எதற்கு என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. என் கண்ணாடியை மாட்ட. வீட்டில் நான் கண்ணாடியைத் தேடாத நாள் கிடையாது, அவர் அதற்காகக் கத்தாத நாளும் கிடையாது. சுவரோரம் ஒரு படுக்கைப் பலகை. ஐந்தடி மூன்று அங்குலம். தவ்ஃபீக்கின் உயரம்தான். என் உயரமும் அதுதான்.

“இது இன்னா?” என்றேன்.

“மிஷினு.”

“மிஷினுன்னு தெரியுது. காயலான் கடைல போட்டது இங்க எப்டி வந்துச்சி?”

அவர் தரையைப் பார்த்தார். “நடுக்கடல்ல பாய் கிழிஞ்சா யாரு தைப்பா?”

அப்படியா சங்கதி! பெண்டாட்டி என்று இல்லை, டெய்லர் என்று கூட்டிப்போக இருந்திருக்கிறார். கோபம் வந்தது. அதைவிட வேகமாகச் சந்தோஷம் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் தவ்ஃபீக் பக்கம் திரும்பினேன்.

“அப்ப நீ போவலியா?”

“நானா?” அவன் பதறிப்போனான். “அல்லா! முட்டுக்காட்டுல படகு சவாரிலயே வாந்தி எட்த்தவன்க்கா நானு. நான் சாமான் விக்கறதோட சரி.”

“வாயத் தொறந்து எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?” என்று இவரிடம் கத்தினேன். குடங்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தன.

“சொன்னா நீ சிரிப்ப” என்றார் மெதுவாக. “எட்டு மாசமா சிரிச்சிகினுதான கீற? பொணத்துக்குப் பவுடருன்ன. எப்ப எடுப்புன்ன. எல்லாம் முட்ச்சி, தண்ணில எறக்கிட்டு, அப்பாலிக்கா தொறந்து காட்டலாம்னு இருந்தேன். மெதக்கறத பாத்துட்டா சிரிக்க மாட்டேன்னு நெனச்சேன்.”

ராயபுரத்தில் என் வாய்க்கு ஈடு கிடையாது என்று ஊரே சொல்லும். நானும் அதை ஒரு நகை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தேன். அந்த வாய்க்குப் பயந்து இந்த மனுஷன் எனக்கென்று ஓர் அறையைக் கட்டி, அதற்குப் பூட்டும் போட்டு, நான் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே ஸ்டூலை இறுக்கியிருக்கிறார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பூவம்மா பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

“அழுவாத. இன்னா பண்றது, இந்த மாசி போச்சி” என்றார்.

ஆண்ட்ரூ ஓட்டையில் கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஃபைபர்தான, ஒட்டிக்கும். அடில கனத்துக்கு வெச்ச ஈயத்துக்கு ஒண்ணும் ஆவல. அட்த்த மாசிக்கு எறக்கிடலாம்” என்றார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். “கேளுங்க” என்றேன் இவரிடம்.

“இன்னாத்த?”

“கேக்க வேண்டியத.”

சுண்ணாம்பு டப்பாவைக் கீழே வைத்தார். கையை நனைந்த பேன்டில் துடைத்தார். லாரிக்காரன், தவ்ஃபீக், ஆண்ட்ரூ, இருபது குடம், எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

“வர்றியா?” என்றார்.

நாலு பேச்சு தயாராக வைத்திருந்தவள்தான் நான். எட்டு மாதமாகப் படுத்துக்கொண்டே யோசித்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கூர் தீட்டி வைத்த பேச்சு. ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. சுவரில் சாய்ந்து கிடக்கிற, தெருமுனைக்குக்கூடப் போக முடியாத அந்தப் படகில் கையை ஊன்றிக்கொண்டு, “வர்றேன்” என்றேன்.

பூவம்மா நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்து ஓட்டையை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏங்க்கா, நாளிக்கும் ஊத்துவீங்களா?”

“இல்லமா,” என்றேன். “இனிமே தண்ணி வெளியதான்.”